ஆஃப் பண்ணின ரியாக்டர் எப்படிங்க உருகும்? ஃபுகுஷிமா டவுட்டு

தாமிரபரணி_அம்மா

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போறவ, முதல் தடவையா கேள்வி போடுதேன், தப்பா இருந்தா சிரிக்காதீங்க. மக ஒம்பதாங் கிளாஸ் படிக்கா. ஸ்கூல்ல அறிவியல் கண்காட்சிக்கு அணு உலை மாடல் செய்யணுமாம், தெர்மாகோல், ஃபெவிகால் எல்லாம் வாங்கியாச்சு. அதுக்காக ரெண்டு பேரும் உக்காந்து ஜப்பான் ஃபுகுஷிமா அணு மின் நிலைய விபத்து வீடியோ ஒண்ணு பார்த்தோம். 2011 மார்ச் 11 மதியம் 2.46க்கு பூகம்பம் வந்ததும் ஓடிட்டு இருந்த மூணு ரியாக்டரும் தானாவே நின்னுட்டு, கன்ட்ரோல் ராடு எல்லாம் ஒழுங்கா உள்ள போயிட்டுன்னு அதுல சொல்லுதான். சரி நல்லது. அப்புறம் முக்கா மணி நேரம் கழிச்சு சுனாமி வருது, கரண்ட் போகுது, மூணும் உருகிட்டுங்கான்.

மக உடனே கேக்கா, "நின்னு போனது எப்படிம்மா உருகும்? ஃபேனை ஆஃப் பண்ணின பொறவு காத்து வருமா?"ன்னு. நான் அடுப்ப அணைச்ச பொறவும் தோசைக்கல்லு சூடா இருக்கும்லா அது மாதிரின்னு சொல்லி சமாளிச்சேன். ஆனா எனக்கே மனசு ஒப்பல. தோசைக்கல்லு அரை மணி நேரத்துல ஆறிரும், இது மூணு நாளு கழிச்சுல்லா வெடிச்சிருக்கு?

இன்னொண்ணு, எங்க வீட்டுக்காரர் ஊரு கூடங்குளத்துக்குப் பக்கம்தான், மாமனார் மாமியார் இன்னும் அங்கதான் இருக்காங்க. அதனால மாடலுக்காக மட்டும் கேக்கல, கொஞ்சம் பயமும் இருக்கு. தெரிஞ்சவங்க புரியற மாதிரி சொல்லுங்க.

---

பாய்லர்_தாத்தா

ஃபேன் கேள்வி கேட்ட குட்டிக்கு முதல்ல ஒரு சபாஷ் சொல்லிடுங்கம்மா. நான் 31 வருஷம் அனல் மின் நிலையத்துல பாய்லர் பக்கம் இருந்து ரிட்டையர் ஆனவன். அணு உலையில வேலை பார்த்தது இல்ல, ஆனா ஆர்வத்துல நிறைய படிச்சிருக்கேன், தப்பு இருந்தா யாராவது திருத்துங்க.

எங்க பாய்லர்ல நிலக்கரி போறதை நிறுத்திட்டா கொஞ்ச நேரத்துல நெருப்பு செத்துடும், அப்புறம் இருக்கறது இரும்போட சூடு மட்டும்தான், அதுதான் உங்க தோசைக்கல்லு. அணு உலை அப்படி இல்ல. நீங்க கிராமத்துப் பக்கம்னா ஈர வைக்கோலைப் போர் போட்டா என்ன ஆகும்னு தெரிஞ்சிருக்கும். தீயே வைக்க வேணாம், ரெண்டு நாள் கழிச்சு உள்ள கையை விட்டா சுடும், சில சமயம் தானா புகைஞ்சு பத்திக்கவே செய்யும். சூடு உள்ளேயே புதுசு புதுசா பிறந்துகிட்டே இருக்கும். ரியாக்டர் இந்த ஜாதி.

யுரேனியம் அணு உடையும்போது ரெண்டு துண்டாகுது. அயோடின், சீசியம், ஸ்ட்ரான்சியம்னு பலதும் அதுல வரும். அந்தத் துண்டுங்க நிம்மதியா இருக்காது, கதிர்வீச்சை விட்டு விட்டு வேற வேறயா மாறிகிட்டே இருக்கும், மாறும்போதெல்லாம் சூடு. கன்ட்ரோல் ராடு நிறுத்தறது புதுசா அணு உடையறதை மட்டும்தான். ஏற்கனவே உடைஞ்சு குவிஞ்சு கிடக்கற துண்டுங்களை எந்த ராடும் நிறுத்த முடியாது, எந்த பட்டனும் கிடையாது. தண்ணி ஊத்தி ஊத்தி ஆற வைக்கறது ஒண்ணுதான் வழி.

எவ்வளவு சூடுன்னு கேட்டா, நிறுத்தின அந்த நொடியில முழு சக்தியில 6-7 சதவீதம். ஒரு மணி நேரத்துல ஒண்ணரை சதவீதம் கிட்ட வந்துடும், ஒரு நாள்ல அரை சதவீதம் கிட்ட. அரை சதவீதம்தானேன்னு நினைக்காதீங்க. ஃபுகுஷிமா ஒண்ணாம் நம்பர் உலையோட வெப்ப சக்தி 1380 மெகாவாட், அதுல அரை சதவீதம்னா கிட்டத்தட்ட 7 மெகாவாட். 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பு 3500 ஒரே பானைக்குள்ள எரியற மாதிரி. இதைத் தண்ணி கொதிக்க வச்சே ஆற வைக்கணும்னா மணிக்குப் பத்து டன் தண்ணி கிட்ட ஆவியாப் போகும், அதாவது மணிக்கு ஒரு தண்ணி லாரி. நிறுத்தி முழுசா ஒரு நாள் ஆன பிறகு கூட இந்த நிலைமை. லாரி ஒரு மணி நேரம் வரலேன்னா நம்ம ஊர்ல சண்டை நடக்கும், அங்க எரிபொருள் தண்ணிக்கு மேல தலையை நீட்டும்.

தலை நீட்டினா அடுத்த கூத்து. எரிபொருள் வச்சிருக்கற குழாய் ஜிர்கோனியம் உலோகம். அது 1200 டிகிரி கிட்ட நீராவியோட சேர்ந்து வேகமா துருப்பிடிக்கற மாதிரி ஆகி ஹைட்ரஜன் வாயுவை விடும், அந்த வினையே இன்னும் சூட்டைக் கிளப்பும். அந்த ஹைட்ரஜன் கட்டடத்துக்குள்ள மேல போய் தேங்கித்தான் 12ஆம் தேதி ஒண்ணாம் உலை கட்டடமும் 14ஆம் தேதி மூணாம் உலை கட்டடமும் வெடிச்சது. டிவியில பார்த்தது அணுகுண்டு வெடிப்பு இல்லம்மா, கேஸ் வெடிப்பு. ஆனா அதுக்குள்ள எரிபொருள் உருக ஆரம்பிச்சாச்சு.

---

சும்மா_ஒருத்தன்

தாத்தா செம. ஒரு சந்தேகம், அவ்வளவு பெரிய ப்ளான்ட்ல ஜெனரேட்டர் இல்லையா? எங்க தெரு கல்யாண மண்டபத்துலயே ரெண்டு டீசல் ஜென்செட் நிக்குது 😂

---

பாய்லர்_தாத்தா

இருந்துச்சு தம்பி, ஒண்ணு ரெண்டு இல்ல, ஒரு டஜன் இருந்துச்சு. பூகம்பத்துல வெளி கரண்ட் போனதும் எல்லாம் ஒழுங்கா ஸ்டார்ட்டும் ஆச்சு. ஆனா நிறைய ஜெனரேட்டர் டர்பைன் கட்டடத்தோட அடித்தளத்துல இருந்துச்சு. அதாவது கடலுக்குப் பக்கத்துல, தரைக்குக் கீழ. ப்ளான்ட் கணக்குல வச்சிருந்த சுனாமி 5.7 மீட்டர். நாலு உலை நின்ன தரை 10 மீட்டர் உயரம். வந்த அலை 14-15 மீட்டர். முடிஞ்சுது கதை.

இதுல எனக்கு இன்னும் ஆறாத விஷயம் ஒண்ணு இருக்கு. அந்த இடம் இயற்கையிலேயே 30 மீட்டருக்கு மேல உயரமான மேடு. 60கள்ல ப்ளான்ட் கட்டும்போது அதை வெட்டி வெட்டி 10 மீட்டருக்கு இறக்கினாங்க. கடல் தண்ணியை மேல ஏத்த பம்பு செலவு குறையும், கீழ பாறை கிடைக்கும்னு கணக்கு. வடக்கால ஒனகாவான்னு இன்னொரு அணு மின் நிலையம் இருக்கு, வேற கம்பெனியோடது, பூகம்ப மையத்துக்கு ஃபுகுஷிமாவை விட கிட்ட. அங்க ஹிராய் யானோசுகேன்னு ஒரு பெரிய இஞ்சினியர் பழைய சுனாமி கதையெல்லாம் மனசுல வச்சுகிட்டு தரை 14.8 மீட்டர் இருந்தே ஆகணும்னு அடம் பிடிச்சாரு. 2011ல அங்க வந்த அலை 13 மீட்டர். பூகம்பத்துல நிலமே ஒரு மீட்டர் இறங்கிடுச்சு, ஆக மிச்சம் ஒரு முழம் ரெண்டு முழம்தான். தப்பிச்சுது. வீடு போன அக்கம்பக்கத்து சனங்க அந்த அணு மின் நிலைய ஜிம்முக்குள்ள போய்த்தான் தங்கினாங்கன்னா பாருங்களேன்.

---

டோக்கியோ_வாசி

அந்த சமயம் நான் டோக்கியோல வேலைக்குப் போய் எட்டு மாசம். ஃபுகுஷிமா 200 கிலோமீட்டருக்கு மேல தள்ளி, ஆனாலும் அந்த ரெண்டு வாரம் வாழ்நாளுக்கும் மறக்காது. ஊர்ல இருந்து அம்மா ஒரு நாளைக்குப் பத்து தடவை போன் பண்ணி கிளம்பி வாடான்னு அழுவாங்க, இங்க ஆபீஸ்ல பக்கத்து சீட்டு ஜப்பான்காரர் ஹெல்மெட்டை டேபிள் மேல வச்சுட்டு அமைதியா எக்ஸல் பார்த்துட்டு இருப்பாரு. 23ஆம் தேதி டோக்கியோ குழாய்த் தண்ணில கதிர்வீச்சு விடற அயோடின் 131 லிட்டருக்கு 210 பெக்கரல் (அது கதிரியக்கத்தை அளக்கற அலகு) இருக்கு, கைக்குழந்தைக்குக் குடுக்காதீங்கன்னு அறிவிச்சாங்க. நான் இருந்த இடத்துல சாயங்காலத்துக்குள்ள கடையில ஒரு பாட்டில் தண்ணி கிடையாது. எங்க மாடியில கைக்குழந்தை வச்சிருந்த ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு என்கிட்ட இருந்த ரெண்டு பாட்டிலைக் குடுத்துட்டு நான் குழாய்த் தண்ணிலயே ரசம் வச்சு சாப்பிட்டேன், பெரியவங்களுக்கு லிமிட் 300னு சொன்னாங்க, நம்பிட்டேன், வேற என்ன பண்றது.

அப்புறம் அங்க உள்ள என்ன நடந்துச்சுன்னு தேடித் தேடிப் படிச்சேன். கன்ட்ரோல் ரூம்ல லைட்டு இல்ல, மீட்டர் எதுவும் வேலை செய்யல, உலைக்குள்ள தண்ணி எவ்வளவு இருக்குன்னே தெரியல. ஒண்ணாம் ரெண்டாம் உலைக்கு பேட்டரியும் முங்கிடுச்சு. ஊழியர்கள் பார்க்கிங்ல நின்ன சொந்த காரு பேட்டரியைக் கழட்டி வந்து கோர்த்து கோர்த்து மீட்டரை உயிர்ப்பிச்சிருக்காங்க. ஒண்ணாம் உலைக்கு பம்பே வேணாத ஒரு கூலிங் ஏற்பாடு இருந்துச்சு, ஐசோலேஷன் கண்டென்சர். அது ஓடினா கட்டட சுவத்துல இருக்கற ரெண்டு ஓட்டை வழியா ஆவி குபுகுபுன்னு வரணும், அந்த ஓட்டைக்கு அங்க பன்னி மூக்குன்னு செல்லப்பேரு. ஆள் அனுப்பிப் பார்த்தாங்க, லேசா ஆவி தெரிஞ்சிருக்கு, சரி ஓடுதுன்னு நம்பிட்டாங்க. நிஜத்துல சுனாமி வந்த நேரத்துல அதோட வால்வு மூடிக் கிடந்துச்சு. அன்னைக்கு ராத்திரியே ஒண்ணாம் உலை உருகியாச்சு, வெளிய யாருக்கும் தெரியாது.

மறுநாள் கரண்ட் குடுக்கற ஜெனரேட்டர் வண்டி வந்து, ராத்திரி பகலா கேபிள் இழுத்து, இந்தா கரண்ட் குடுக்கப் போறோம்னு இருக்கும்போது 3.36க்கு ஒண்ணாம் உலை வெடிச்சு அந்த கேபிளையே கிழிச்சிடுச்சு. இதைப் படிச்சப்ப அழுகை வந்துச்சு எனக்கு. அப்புறம்தான் கடல் தண்ணி. ப்ளான்ட் மேனேஜர் யோஷிதா மசாவோ கடல் தண்ணியை உள்ள விட ஆரம்பிச்சாரு, தலைமை ஆபீஸ் பிரதமர் ஓகே சொல்லல நிறுத்துன்னு சொன்னாங்க. அவரு பக்கத்துல இருந்த ஆள்கிட்ட "நான் இப்ப நிறுத்தச் சொல்லுவேன், நீ நிறுத்தாதே"ங்கற மாதிரி ரகசியமா சொல்லிட்டு, வீடியோ கான்ஃபரன்ஸ்ல சத்தமா நிறுத்துன்னு உத்தரவு போட்டாரு. தண்ணி போய்க்கிட்டே இருந்துச்சு. 2013ல கேன்சர்ல போயிட்டாரு, 58 வயசு. அது உணவுக்குழாய் கேன்சர், இந்தக் கதிர்வீச்சால வந்திருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மின்னுதான் சொன்னாங்க.

---

கடக்கரையான்

எல்லாம் நல்லா எழுதுதீய. ஆனா ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்காதீய. நான் இடிந்தகரைக்குப் பக்கத்து ஊரு, வள்ளம் வச்சிருக்க குடும்பம். 2011லயும் 12லயும் கூடங்குளம் உலை வேண்டாம்னு போராட்டப் பந்தல்ல உக்காந்திருந்த எங்க அம்மைக்கு ரியாக்டர் எப்படி உருகும்னு தெரியாது, ஆனா கடல் எவ்வளவு உயரம் வரும்னு 2004ல கண்ணால பார்த்தவ. அவளப் போய் படிக்காதவன்னு டிவியில பேசுனாவ.

ஃபுகுஷிமாவுல கணக்கு தெரியாமயா போச்சு? அந்தக் கம்பெனியே 2008ல உள்ளுக்குள்ள கணக்குப் போட்டு 15.7 மீட்டர் வரைக்கும் அலை வரலாம்னு பார்த்திருக்கு. 869ல வந்த ஜோகன் சுனாமி மண்ணைக்கூட ஆராய்ச்சிக்காரன் தோண்டி எடுத்துச் சொல்லிட்டான். இன்னும் ஆராயணும்னு தள்ளிப் போட்டாவ. ஜப்பான் பார்லிமென்ட் போட்ட கமிஷனே 2012ல இது மனுசன் உண்டாக்குன விபத்துன்னு எழுதிட்டு. அப்ப பிரச்சினை ஜிர்கோனியத்துல இல்ல, மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கவன்கிட்டதான் இருக்கு.

சாவுக் கணக்கு சொல்லுவாவ, கதிர்வீச்சால செத்தது ஒருத்தரோ என்னமோன்னு. சரி ஒத்துக்கிடுதேன். ஆனா லட்சத்து அம்பதாயிரம் பேருக்கு மேல வீட்ட விட்டுப் போனாவ. அந்த அலைச்சல்ல, முகாம்ல, மருந்து இல்லாம, மனசு ஒடிஞ்சு செத்தவங்க ஃபுகுஷிமா மாகாணத்துல மட்டும் ரெண்டாயிரத்துக்கு மேல. வயசான நோயாளிகள பஸ்ஸுல ஏத்தி மணிக்கணக்கா சுத்தவிட்டே கொன்னுருக்காவ. எங்க ஊருக்குள்ள வர்றது ஒரு ரோடு. எதிர்ல டவுன் பஸ் வந்தாலே பைக்க ஓரங்கட்டி நிக்கணும். அந்த ரோட்டுல ராத்திரி ரெண்டு மணிக்கு எத்தன பேரு வெளிய போவ முடியும்னு யாராச்சும் சொல்லுங்க, நான் நம்புதேன்.

---

சும்மா_ஒருத்தன்

அண்ணே நீங்க சொல்றது நியாயம்தான் ஆனா எண்ணூர் அனல் மின் நிலைய சாம்பல்ல தினமும் இருமறவங்களையும் கணக்குல சேர்க்கணும்ல. நிலக்கரி மெதுவா கொல்லுது, அதுக்கு பிரேக்கிங் நியூஸ் வராது.

---

கடக்கரையான்

சேருங்க தம்பி, யாரு வேண்டாம்னா. அவங்களுக்கும் யாரும் கேட்டுட்டு வைக்கல.

---

குவார்ட்டர்_சயின்டிஸ்ட்

லேட்டா வந்துட்டேன். தாத்தா சொன்னதுல ஒரு சின்னத் திருத்தம், பெருசா ஒண்ணும் இல்ல. ஜெனரேட்டர் எல்லாமே முங்கல. அஞ்சு ஆறு நம்பர் உலை 13 மீட்டர் தரையில இருந்துச்சு, அங்க காத்துல குளிர்ற டைப் ஜெனரேட்டர் ஒண்ணு தாக்குப் பிடிச்சு ரெண்டு உலையையும் காப்பாத்திடுச்சு. ரெண்டு நாலு உலைக்கும் அதே மாதிரி ஜெனரேட்டர் ஒவ்வொண்ணு தனிக் கட்டடத்துல நல்லாவே இருந்துச்சு, ஆனா கரண்டைப் பிரிச்சு அனுப்பற சுவிட்ச் கியர் பேனல் கீழ முங்கிடுச்சு. ஜெனரேட்டர் இருந்தும் பிரயோஜனம் இல்ல. இது யாரும் பேசறதே இல்ல.

ஆஃப் பண்ணின பிறகு கரண்ட் இல்லேன்னா என்ன பண்றதுங்கற கேள்விக்குப் பின்னாடி பெரிய சரித்திரமே இருக்கு. செர்னோபில் 1986 ஏப்ரல் 26 ராத்திரி நடந்த டெஸ்ட் எதுக்குன்னு நினைக்கறீங்க? கரண்ட் போனா டீசல் ஜெனரேட்டர் முழு வேகம் எடுக்க ஒரு நிமிஷம் கிட்ட ஆகும், அதுவரைக்கும் சுத்திகிட்டு இருக்கற டர்பைனோட வேகத்துலயே பம்பை ஓட்ட முடியுமான்னு பார்க்கத்தான். பாதுகாப்புக்காக வச்ச டெஸ்ட்லயே வெடிச்சது. அது வேற கதை, அந்த உலை டிசைனே கோளாறு. தண்ணி கொதிச்சு ஆவியானா சக்தி குறையறதுக்குப் பதிலா ஏறும், நிறுத்தற பட்டனை அழுத்தினா ராடு நுனியில இருந்த கிராஃபைட் முதல்ல சக்தியைக் கூட்டிடும். கதிர்வீச்சு வெளிய போகாம அடைக்கற கன்டெயின்மென்ட் கூடும் மேல கிடையாது. ஃபுகுஷிமாவையும் அதையும் ஒரே மூச்சுல சொல்றவங்களைப் பார்த்தா கோவம் வரும் எனக்கு.

நம்ம நாட்டுலயும் நடந்திருக்கு. உ.பி. நரோரா, 1993 மார்ச் 31 அதிகாலை. டர்பைன் பிளேடு உடைஞ்சு, ஹைட்ரஜன் கசிஞ்சு தீ, கேபிள் எல்லாம் எரிஞ்சு 17 மணி நேரம் ப்ளான்ட்ல சுத்தமா கரண்ட் கிடையாது. கன்ட்ரோல் ரூம்ல புகை. ஆளுங்க டார்ச் லைட்டோட உலைக் கட்டடத்து மேல ஏறி கையால வால்வைத் திறந்து, அணு உடையறதை அடக்கற போரான் கரைசலை விட்டாங்க. டீசல்ல ஓடற தீயணைப்பு பம்பை வச்சுத் தண்ணி குடுத்தாங்க. தப்பிச்சோம். கல்பாக்கத்துல 2004 டிசம்பர் 26 சுனாமி அன்னைக்கு ஓடிட்டு இருந்தது ரெண்டாவது யூனிட், கடல் தண்ணி பம்ப் ஹவுஸ்ல புகுந்துடுச்சு, நிறுத்திட்டாங்க, ஆனா கரண்ட் போகல, அதனால பிரச்சினை இல்லாம ஆறுச்சு. உலை பொழச்சுது, டவுன்ஷிப்புல நிறைய உயிர் போச்சு.

அக்கா கேட்ட கூடங்குளம் விஷயம். அங்க இருக்கறது ரஷ்யாவோட வி.வி.இ.ஆர் 1000ங்கற டைப் உலை. கரண்டே இல்லாட்டியும் நீராவி தானா மேல ஏறி, வெளிக்காத்து பட்டுக் குளிர்ந்து, தண்ணியாகித் தானா கீழ இறங்கற ஏற்பாடு இருக்கு, பம்பு வேணாம். அப்படியும் உருகினா பிடிச்சுக்க உலைக்கு அடியில கோர் கேட்சர்னு ஒரு தொட்டி. நம்ம கடற்கரைக்குப் பக்கத்துல ஜப்பான் மாதிரி பூமித்தட்டு சந்திப்பும் இல்ல, சுமத்ரா பக்கத்துல இருந்துதான் வரணும். இதெல்லாம் உண்மையிலேயே பலம். ஆனா கடக்கரையான் அண்ணன் கேட்ட ரோட்டுக்கு என்கிட்ட பதில் இல்ல. 16 கிலோமீட்டர் வரைக்கும் அவசரத் திட்டம்னு பேப்பர்ல இருக்கு. அதை ஊர்க்காரங்க கையில தமிழ்ல குடுத்திருந்தா அவருக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது.

---

தாமிரபரணி_அம்மா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கடக்கரையான் அண்ணாச்சி எழுதுனத மட்டும் மூணு தடவ படிச்சேன், எங்க மாமனாரும் இதே ரோட்டக் கதைதான் சொல்லுவாரு. ராத்திரி போன் போட்டு, கதிர்வீச்சு வந்தா போடுற அயோடின் மாத்திரை குடுத்திருக்காங்களா, எங்க போகணும்னு சொல்லிருக்காங்களான்னு கேட்டேன், "யாரு வந்து சொல்லுதா, நீ தூங்கு"ன்னுட்டாரு.

வைக்கோல் போரு சொன்னதும் மகளுக்குப் பட்டுன்னு புரிஞ்சுட்டு. மாடலையே மாத்திட்டா. இப்ப உலைக்குள்ள சிவப்பு லைட்டு, பெரிய சுவிட்ச்ச அணைச்சாலும் அது மட்டும் மங்கலா எரிஞ்சிட்டே இருக்கும். மீன் தொட்டி மோட்டார வச்சு தண்ணி சுத்த விடுதா. தீப்பெட்டிய ஜெனரேட்டர்னு பெயிண்ட் அடிச்சு மொட்ட மாடியில ஒட்டிட்டா. தாத்தா, இது போதுமா?

---

பாய்லர்_தாத்தா

பிரமாதம்! குவார்ட்டர் தம்பி திருத்தினதும் சரி, நன்றி. ஜெனரேட்டரை மட்டும் மாடியில வச்சா பத்தாதும்மா, சுவிட்ச் போர்டு எங்க இருக்குன்னு பாருங்க. கீழ இருந்தா பிச்சு எடுத்து அதையும் மேல ஒட்டச் சொல்லுங்க. ஃபெவிகால் காயறதுக்குள்ள.